உள்ளே ஒரு பை: பெருங்குடல் அகற்றியவர்கள் வருடங்கள் கடந்தும் கேட்கும் கேள்விகள்

பெருங்குடலையும் மலக்குடலையும் எடுத்துவிட்டு, சிறுகுடலிலேயே செய்த பையோடு வாழ்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அவர்களில் ஒருவன், மருத்துவன் அல்ல. அறுவைக்குப் பிந்தைய முதல் வாரங்களுக்கான அறிவுரை டிஸ்சார்ஜ் சீட்டிலேயே இருக்கும். ஐந்தாம் வருடத்தையும் பதினைந்தாம் வருடத்தையும் பற்றி உட்கார்ந்து பேசத்தான் ஆள் கிடைப்பதில்லை. கீழே உள்ள பதில்களில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும்: உங்கள் பையின் வழக்கம் என்ன என்று நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அது மாறும்போது சும்மா இருக்கக் கூடாது.

என் வயிற்றில் இப்போது எது இருக்கிறது, எது இல்லை?

சுமார் ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடல் முழுவதும் போய்விட்டது. மலக்குடலும் போய்விட்டது, ஆனால் ஆசனவாய்க்குச் சற்று மேலே ஒன்றிரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு அதன் விளிம்பு பலருக்கு மிச்சமிருக்கும். சிறுகுடலின் கடைசிப் பகுதியை இரண்டாக மடித்து, நடுச்சுவரைத் திறந்து தைத்துப் பையாக்கி, ஆசனவாயோடு இணைத்திருப்பார்கள். மடிப்பு ஆங்கில 'ஜே' எழுத்தைப் போல இருப்பதால் ஜே பௌச் என்கிறார்கள். 1978-இல் லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் ஆலன் பார்க்ஸும் ஜான் நிக்கல்ஸும் அறிவித்த பை 'எஸ்' வடிவில் இருந்தது. அதைக் காலிசெய்யப் பலருக்குக் குழாய் தேவைப்பட்டது. 1980-இல் ஜப்பானிய அறுவை மருத்துவர் உட்சுனோமியா ஜே வடிவத்தை அறிமுகப்படுத்தினார். செய்வதற்கும் காலியாவதற்கும் எளிது என்பதால் இன்று பெரும்பாலும் அதைத்தான் செய்கிறார்கள்.

உங்களுக்கு ஏன் இந்த அறுவை நடந்தது என்பதும் முக்கியம். பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று: அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற பெருங்குடல் புண் நோய், அல்லது குடும்ப வழியாக வரும் பாலிப் நோய் (குடலின் உட்சுவரில் சிறு சதை வளர்ச்சிகள் முளைப்பது). பை ஒன்றாகவே இருந்தாலும் பின்னாளில் கவனிக்க வேண்டியவை இரண்டு தரப்புக்கும் வேறு.

ஒரு நாளைக்கு எத்தனை முறை போனால் சரி?

நன்றாக வேலை செய்யும் பை உள்ளவர்கள் பொதுவாக 4 முதல் 8 முறை போகிறார்கள். இரவில் ஒருமுறை எழுந்திருப்பதும் சகஜம். தற்காலிக ஸ்டோமாவை (மலம் வெளியேற வயிற்றுச் சுவரில் வைத்த திறப்பை) மூடிய முதல் மாதங்களில் இதைவிட அதிகமாகவே இருக்கும். பை மெல்ல விரிந்து கொள்ளளவு கூட ஒரு வருடம் வரை ஆகலாம். மலம் கூழ் பதத்தில் இருக்கும். பழையபடி கெட்டியாகப் போகும் என்று காத்திருக்க வேண்டாம்.

எண்ணிக்கையைவிட அவசரத்தைக் கவனியுங்கள் என்பேன். ஆரோக்கியமான பை நிறைந்தாலும், பஸ் அடுத்த நிறுத்தத்துக்குப் போகும்வரை அடக்கிக்கொள்ள முடியும். எட்டு முறை நிதானமாகப் போகிறவர் நலமாக இருக்கலாம். ஐந்தே முறை போனாலும் ஒவ்வொரு முறையும் ஓட வேண்டியிருப்பவருக்கு ஏதோ கோளாறு இருக்கலாம். உடம்பு நன்றாக இருக்கும் ஒரு மாதத்தில் சில நாட்களுக்கு மட்டும் நேரம், பதம், அவசரம் ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். பின்னால் மருத்துவர் "முன்பு எப்படி இருந்தது?" என்று கேட்கும்போது அந்தக் காகிதம் பேசும்.

என்ன சாப்பிடலாம், எதை ஒதுக்க வேண்டும்?

அதிகம் வரும் கேள்வி இதுதான். முதல் வருடம் முடிந்தபின் பெரும்பாலோர் ஏறக்குறைய எல்லாவற்றையும் சாப்பிடுகிறார்கள். பயத்தில் வருடக்கணக்கில் வெறும் தயிர்ச்சோற்றோடு நிறுத்திக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். எடையும் குறைந்து, இரத்தமும் குறைந்து நிற்கிறார்கள். அந்தத் தண்டனை தேவையில்லை.

சோறு, இட்லி, இடியாப்பம், உருளைக்கிழங்கு, ஜவ்வரிசி, வாழைப்பழம் ஆகியவை மலத்தைச் சற்றுக் கெட்டியாக்கும். காபி, சர்க்கரை அதிகமுள்ள பானங்கள், பழச்சாறு ஆகியவை இளக்கும். மிளகாய்க் காரம் பைக்குக் கெடுதல் செய்யாது. ஆனால் வெளியேறும்போது எரியும். பருப்பு, முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம் ஆகியவை வாயுவைக் கூட்டும். பால் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அவர்களுக்கே தயிர் ஒத்துக்கொள்வதும் உண்டு.

உண்மையாகவே பார்த்துச் சாப்பிட வேண்டியவை நார் நாராகப் பிரிபவையும், மென்றும் மசியாதவையும். முருங்கைக்காயின் சதையை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்பிவிட வேண்டும். நாம் செய்வதும் அதுதானே. ஆனால் பனங்கிழங்கில் அந்த வசதி இல்லை. நடுநரம்பை எடுத்தாலும் சதைக்குள் நார் ஓடும், கடிக்கக் கடிக்க அது திரண்டு உருண்டையாகும், தெரியாமல் விழுங்கிவிடுவோம். பலாச்சுளை, ஆரஞ்சுத் தோல், மக்காச்சோளம், காளான், தேங்காய்ச் சில்லு ஆகியவையும் இந்த வகைதான். தேங்காயை அரைத்துச் சட்னியாகச் சாப்பிடுவதில் சிக்கல் இல்லை. கொஞ்சமாக எடுத்து, நன்றாக மென்று, பேசாமல் சாப்பிடுங்கள்.

பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் சிவப்பாகப் போகும். இரும்புச் சத்து மாத்திரை கறுப்பாக்கும். இரண்டுக்கும் பதற வேண்டாம்.

தண்ணீர் நிறையக் குடிக்கிறேன். அப்படியும் சோர்வும் கால் பிடிப்பும் ஏன்?

தண்ணீர் மட்டும் குடிப்பதால்தான். பெருங்குடல் தினமும் ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீரையும் அதோடு உப்பையும் உடம்புக்குத் திருப்பித் தந்துகொண்டிருந்தது. சிறுகுடல் அதில் ஒரு பங்கைக் கற்றுக்கொள்ளும், முழுவதையும் அல்ல. உப்பு குறைவாக இருக்கும்போது வெறும் தண்ணீரை மேலும் மேலும் குடித்தால், உடம்பில் தங்காமல் அது வெளியேறிக்கொண்டே இருக்கும்.

சிறுநீர் அடர் மஞ்சளாகக் கொஞ்சமாகப் போவது, எழுந்து நின்றால் தலை சுற்றுவது, இரவில் கெண்டைக்கால் இழுப்பது ஆகிய மூன்றும் அடையாளங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரம் என்று அச்சிட்டிருப்பதை வாங்கி, அதில் சொன்ன அளவுத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். அதே மூன்றெழுத்தை ஒட்டிய பெயருடன் அட்டைப்பெட்டியில் விற்ற இனிப்புப் பானங்கள் வேறு. அவற்றின் சர்க்கரை பேதியைக் கூட்டும். பொட்டலம் கைவசம் இல்லாவிட்டால், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போடலாம். உப்புப் போட்ட மோர், ரசம், வடித்த கஞ்சி ஆகியவை அன்றாடத்துக்கு நல்லவை. இளநீரைப் பலர் முழு மருந்தாக நம்புகிறார்கள். அதில் பொட்டாசியம் நிறைய உண்டு, சோடியம் குறைவு. நமக்கு அதிகம் குறைவது சோடியம். இளநீர் குடியுங்கள், அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

கத்திரி வெயில் நாட்களில் இது விளையாட்டல்ல. நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பும் கூடுகிறது. இரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும், இதய, சிறுநீரக நோயாளிகளும் உப்பைக் கூட்டும் முன் மருத்துவரிடம் கேட்டாக வேண்டும்.

பௌச்சைட்டிஸ் என்கிறார்களே, எனக்கும் வருமா?

பையின் உட்சுவர் அழற்சி அடைவதுதான் பௌச்சைட்டிஸ். பெருங்குடல் புண் நோய்க்காக அறுவை செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வருகிறது. பாலிப் நோய்க்காகச் செய்துகொண்டவர்களுக்கு அபூர்வம். வழக்கத்தைவிட அதிக முறை போவது, அடக்க முடியாத அவசரம், அடிவயிற்றில் பிசைவது, இரவுக் கசிவு, லேசான காய்ச்சல், மூட்டு வலி என்று வரும்.

சிகிச்சை பெரும்பாலும் எளிது. சிப்ரோஃப்ளாக்சசின் அல்லது மெட்ரோனிடசோல் சுமார் இரண்டு வாரம் தருவார்கள். சில நாட்களிலேயே வித்தியாசம் தெரியும். மெட்ரோனிடசோல் சாப்பிடும்போது வாயில் உலோகச் சுவை இருக்கும், மது கூடவே கூடாது. நீண்ட நாள் சாப்பிட்டால் பாதங்களில் மரத்துப்போகும் உணர்வு வரலாம். சிப்ரோஃப்ளாக்சசினில் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண் வலித்தால் நிறுத்திவிட்டு உடனே மருத்துவரை அழையுங்கள்.

சென்ற முறை கேட்டது என்பதற்காகப் பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கிச் சாப்பிடும் பழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அதே அறிகுறிகள் வேறு காரணங்களாலும் வரும். மிச்சமுள்ள மலக்குடல் விளிம்பு மட்டும் புண்ணாகலாம். இரத்தம் கசியும் அந்த நிலைக்கு ஆசனவாய்க்குள் வைக்கும் மெசலமைன் சப்போசிட்டரிதான் வழக்கமான மருந்து. குடலில் புதிய கிருமித் தொற்று இருக்கலாம். தையல் இட்ட இடம் சுருங்கியிருக்கலாம். சிலருக்கு வருடங்கள் கழித்து, முதலில் இருந்ததே கிரோன்ஸ் நோய்தான் (செரிமானப் பாதையின் எந்தப் பகுதியையும் தாக்கக்கூடிய அழற்சி நோய்) என்று தெரியவருகிறது. மலப் பரிசோதனையும், பைக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பௌச்சோஸ்கோப்பியும்தான் பிரித்துச் சொல்லும்.

திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கும், ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காதவர்களுக்கும் நோய் எதிர்ப்பை மட்டுப்படுத்தும் ஊசி மருந்துகள் உண்டு. வெடோலிசுமாப் என்ற மருந்துக்கு இதற்காகவே 2022-இல் ஐரோப்பாவில் ஒப்புதல் கிடைத்தது. இத்தகைய மருந்துகளைத் தொடங்கும் முன் நம் ஊரில் காசநோய்ப் பரிசோதனையைத் தவறவிடவே கூடாது.

தலைவலி, மூட்டு வலிக்கு எந்த மாத்திரை?

பாராசிட்டமால். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை பையைக் கிளறிவிடக்கூடியவை. கடையில் 'உடம்பு வலி மாத்திரை' என்று கேட்டால் பெரும்பாலும் இவற்றில் ஒன்றோடு கலந்ததைத்தான் எடுத்துத் தருவார்கள். அட்டையைத் திருப்பிப் பெயரைப் படியுங்கள்.

பேதியை மட்டுப்படுத்தும் லோபரமைடை வருடக்கணக்கில் சாப்பிடலாமா?

மருத்துவர் அளவு சொல்லியிருந்தால் பலர் அப்படித்தான் சாப்பிடுகிறார்கள். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பும், படுக்கும் முன்பும் எடுத்தால் பலன் அதிகம். அளவை நீங்களாகக் கூட்டாதீர்கள். அதிகமானால் இதயத் துடிப்பைப் பாதிக்கும். காய்ச்சலோ இரத்தமோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். இசப்கோல் உமி சிலருக்குப் பதத்தைத் திரட்டித் தருகிறது, சிலருக்கு வயிற்றை உப்பவைக்கிறது. ஒரு வாரம் பார்த்து முடிவு செய்யலாம்.

ஆசனவாய் எரிச்சல் தாங்க முடியவில்லை.

காகிதத்தை விட்டுத் தண்ணீரில் கழுவுவது நம் வழக்கம்; அந்த வகையில் நாம் ஏற்கெனவே பாதிக் கிணறு தாண்டியவர்கள். மிச்சப் பாதி துடைப்பதில் இருக்கிறது. தேய்க்காமல், பழைய மெல்லிய வேட்டித் துணியால் ஒற்றி எடுங்கள். ஈரம் போனபின் ஜிங்க் ஆக்சைடு களிம்பை மெல்லிய படலமாகப் பூசுங்கள். எரியத் தொடங்கிய பிறகு பூசுவதைவிட, வயிறு இளகும் என்று தெரிந்த நாளில் முன்கூட்டியே பூசிவைப்பது நல்லது. வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் உட்காருவதும் இதம் தரும். அந்தத் தண்ணீரில் கிருமிநாசினி கலப்பது நம் வீடுகளில் பரவலாக இருக்கிறது. புண்ணான தோலை அது மேலும் எரித்துவிடும், வேண்டாம். வாசனைச் சோப்பும் வேண்டாம்.

இரவில் கசிகிறது.

இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடியுங்கள். ஆசனவாய்த் தசையைச் சுருக்கி விடும் பயிற்சியைத் தினமும் செய்யுங்கள். பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் ஒருமுறை சரியாகக் கற்றுக்கொண்டால் போதும். ஆரம்ப மாதங்களில் கசிவது வேறு. பல வருடங்கள் நன்றாக இருந்துவிட்டுத் திடீரெனக் கசியத் தொடங்கினால் பரிசோதனை தேவை. வெட்கத்தில் மறைத்துப் பேட் வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறவர்கள், குறிப்பாகப் பெண்கள், ஏராளம். இதைச் சொன்னால் மருத்துவர் முகம் சுளிக்க மாட்டார்.

வயிறு உப்பிவிட்டது, எதுவும் போகவில்லை. காத்திருக்கலாமா?

விட்டு விட்டுப் பிசையும் வலி, வயிறு வீக்கம், வாந்தி, மலமும் வாயுவும் நின்றுபோவது ஆகியவை சேர்ந்து வந்தால் அது குடல் அடைப்பு. பழைய அறுவையின் ஒட்டுத் தசைகளால் (அறுவைக்குப் பின் உள்ளே உருவாகி உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் தழும்புகளால்) எத்தனை வருடம் கழித்தும் வரலாம். வாய்வழியாக எதுவும் கொடுக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பேதி மருந்து மட்டும் கூடவே கூடாது.

மலம் நீர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது, முக்கினால்தான் போகிறது என்பது வேறு. பையை ஆசனவாயோடு இணைத்த தையல் வளையம் சுருங்கியிருக்கலாம். மருத்துவர் விரலாலோ கருவியாலோ விரித்துவிடுவார்.

வயிற்றைச் சுத்தம் செய்ய வருடத்துக்கு ஒருமுறை பேதிக்குக் குடிப்பது எங்கள் குடும்ப வழக்கம்.

உங்களுக்கு அந்த வழக்கம் முடிந்துவிட்டது. விளக்கெண்ணெய், நிலாவரை, அவற்றைச் சேர்த்த சூரணம் எதுவும் வேண்டாம். தேங்கி நிற்கப் பெருங்குடலே இல்லாத உடம்பில் சுத்தம் செய்ய ஒன்றும் இல்லை; போவது உப்பும் நீரும்தான். வீட்டில் பெரியவர்கள் அன்போடு கொண்டுவந்து நீட்டும்போது மறுப்பது கடினம் என்று தெரியும். மருத்துவர் வாயாலேயே அவர்களிடம் ஒருமுறை சொல்லவையுங்கள்.

வேறு நோய்க்கு வேறு மருத்துவரிடம் போகும்போது என்ன சொல்ல வேண்டும்?

பர்ஸில் ஒரு சீட்டு இருக்கட்டும்: "எனக்குப் பெருங்குடலும் மலக்குடலும் இல்லை. சிறுகுடலில் செய்த ஜே பௌச் இருக்கிறது." அறுவை நடந்த வருடம், செய்த மருத்துவமனை, ஒவ்வாத மருந்துகள் ஆகியவையும் அதில் இருக்க வேண்டும். தமிழில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கம். ஒருமுறை ஒரு பரிசோதனைக்குப் போனபோது, பெருங்குடல் உள்ளவர்களுக்குக் கொடுக்கும் இரண்டு லிட்டர் பேதிக் கரைசலை என் கையிலும் கொடுத்தார்கள். சீட்டைக் காட்டிய பிறகுதான் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பௌச்சோஸ்கோப்பிக்கு அவ்வளவு தேவையே இல்லை.

மெல்ல மெல்லக் கரையும் வகை மாத்திரைகள் நமக்கு முழுதாகக் கரையாமலே வெளியேறக்கூடும். மலத்தில் முழு மாத்திரையைக் கண்டால் அதைச் சொல்லுங்கள். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் வயிற்றை இளக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வருடாவருடம் என்ன பரிசோதனைகள்?

ஹீமோகுளோபின், இரும்புச் சத்து, வைட்டமின் பி12, வைட்டமின் டி, சோடியம், பொட்டாசியம், கிரியேட்டினின், கல்லீரல் செயல்பாடு. பி12 உறிஞ்சப்படுவது சிறுகுடலின் கடைசிப் பகுதியில். நம் பை செய்யப்பட்டதும் அதே பகுதியில். அதனால் மெதுவாகக் குறையும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் சீக்கிரம்.

பௌச்சோஸ்கோப்பி எத்தனை வருடத்துக்கு ஒருமுறை என்பது ஆளுக்கு ஆள் மாறும். எடுத்த பெருங்குடலில் புற்றுநோயோ அதற்கு முந்தைய மாற்றமோ இருந்தவர்களும், பித்தநாளச் சுருக்க நோய் உள்ளவர்களும் வருடந்தோறும் செய்துகொள்வது வழக்கம். குடும்பப் பாலிப் நோய்க்காரர்களுக்குப் பையிலும், மிச்சமுள்ள விளிம்பிலும், முன்சிறுகுடலிலும் பாலிப் வரலாம்; எனவே கீழேயும் மேலேயும் எண்டோஸ்கோப்பி தொடர வேண்டும். அந்த நோய் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு சரிபாதி. 10–12 வயதிலேயே அவர்களுக்குப் பரிசோதனை தொடங்க வேண்டும். இதை மட்டும் யாருக்காகவும் தள்ளிப்போடாதீர்கள்.

பயணம், வேலை, விரதம்?

ரயிலில் 72 படுக்கைகள் கொண்ட ஸ்லீப்பர் பெட்டியில் 1–8, 65–72 எண்கள் கழிப்பறைக்கு அருகில் இருப்பவை. கழிப்பறை இல்லாத இரவு பஸ்ஸைவிட ரயில் மேல். மாற்றுடை, தண்ணீர் பாட்டில், துணி, களிம்பு, ஓ.ஆர்.எஸ். ஆகியவற்றை ஒரே பையில் போட்டு எப்போதும் தயாராக வைத்திருங்கள். அலுவலகத்தில் எல்லாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. இடைவேளைக்கு அனுமதி தரும் ஒருவருக்குத் தெரிந்திருந்தால் போதும்.

பழமும் மோரும் எடுத்துக்கொள்ளும் விரதங்களில் சிக்கல் இல்லை. தண்ணீரும் அருந்தாத நோன்பு, குறிப்பாக வெயில் காலத்தில், ஆபத்து. நோயாளிக்கு மார்க்கமே விலக்கு அளித்திருக்கிறது. உங்கள் ஆலிமிடமும் மருத்துவரிடமும் பேசுங்கள்.

திருமணம், தாம்பத்தியம், குழந்தை?

எல்லாம் உண்டு. பெண்களுக்கு இடுப்புக்குழியில் ஏற்படும் ஒட்டுத் தசைகளால் கருக்குழாய் பாதிக்கப்பட்டு, இயல்பாகக் கருத்தரிப்பது தாமதமாகலாம். லேப்ராஸ்கோப்பி முறையில் செய்துகொண்டவர்களுக்கு இது குறைவு. கருக்குழாயைத் தவிர்த்துச் செய்யும் ஐ.வி.எஃப். பலருக்குக் கைகொடுக்கிறது. பிரசவம் சுகப்பிரசவமாகவும் நடக்கலாம்; ஆசனவாய்த் தசையைக் காக்கப் பல மருத்துவர்கள் சிசேரியனை விரும்புகிறார்கள். மகப்பேறு மருத்துவரும் குடல் அறுவை மருத்துவரும் ஒருவரோடொருவர் பேசி முடிவெடுக்கும்படி கேளுங்கள். ஆண்களில் சிறு பகுதியினருக்கு நரம்புப் பாதிப்பால் விறைப்பிலோ விந்து வெளியேறுவதிலோ சிரமம் வரலாம்; அதற்கும் சிகிச்சை உண்டு.

வரன் பார்க்கும்போது சொல்வதா? நிச்சயத்துக்கு முன் சொல்லிவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஜாதகத்தோடு தரகரிடம் சொல்லி அனுப்பாமல், சம்பந்தப்பட்ட இருவரும் நேரில் பேசுங்கள்.

காக் பௌச் என்பது என்ன?

சுவீடனின் நில்ஸ் காக் 1969-இல் அறிவித்த முறை. ஆசனவாயோடு இணைக்காமல் வயிற்றுச் சுவரில் சிறு துளை, உள்ளே வால்வு. ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை குழாய் விட்டுக் காலிசெய்ய வேண்டும். வால்வு நழுவினால் கசியும், அல்லது குழாய் உள்ளே போகாது. குழாய் போகாவிட்டால் சில மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் இருக்க வேண்டும். இதில் பழக்கமுள்ள அறுவை மருத்துவர்கள் மிகக் குறைவு. எனவே உங்கள் அறுவைக் குறிப்பின் நகல் எப்போதும் கையில் இருக்கட்டும்.

பை கெட்டுப்போனால்?

பத்து வருடக் கணக்கில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்குப் பை நிலைப்பதில்லை. ஓயாத தொற்று, கிரோன்ஸ் நோய், புரையோடிய வழிகள் (பையிலிருந்து வேறு உறுப்புக்கோ தோலுக்கோ உருவாகும் ஃபிஸ்டுலா) ஆகியவை முக்கியக் காரணங்கள். சிலருக்குத் திருத்த அறுவையால் பையைக் காப்பாற்ற முடிகிறது. அதைப் பலமுறை செய்து பழகிய மையத்தில்தான் செய்துகொள்ள வேண்டும். மற்றவர்களுக்கு நிரந்தர ஸ்டோமா. இரவும் பகலும் கழிப்பறையோடு போராடி அலுத்தவர்கள் ஸ்டோமா வைத்தபின் வேலைக்குத் திரும்பியதையும், வெளியூர்க் கல்யாணங்களுக்குப் போய்வருவதையும் அறிவேன். ஆகவே மருத்துவர் இந்தப் பேச்சை எடுத்தால் காதைப் பொத்திக்கொள்ளாதீர்கள். ஸ்டோமா வைக்கும்போது பையை எடுத்துவிடுவதா, உள்ளேயே விடுவதா என்று கேளுங்கள். எடுப்பது பெரிய அறுவை, உட்காயம் ஆற மாதங்கள் ஆகும். உள்ளேயே விட்டால் சளி போலக் கசியக்கூடும், பயன்படாத அந்தப் பையையும் அவ்வப்போது எண்டோஸ்கோப்பியில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.